வெளி பெஞ்சில் இருந்தவர்

அன்று வக்கீல் அலுவலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வக்கீல், கண்ணாடி போட்ட பெரிய மேசைக்குப் பின்னால், முதுகு உயர்ந்த சுழல் நாற்காலியில். அவருக்கு இடப்பக்கம் சுவரோரமாகச் சின்ன மேசையில் குமாஸ்தா. அவர் முன்னால் கம்ப்யூட்டர், பக்கத்து ஸ்டூலில் பிரிண்டர். வக்கீலுக்கு எதிரே மெத்தை வைத்த நாற்காலியில் என் அக்கா. அவளுக்குப் பக்கத்தில், ஒரு கால் சற்றுக் குட்டையான பிளாஸ்டிக் நாற்காலியில் நான். ஐந்தாவது ஆள் உள்ளே இல்லை. பாதிக் கதவுக்கு வெளியே, மாடிப்படி ஏறியதும் போட்டிருந்த மர பெஞ்சில், என் குடையையும் அக்காவின் துணிப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என் கணவர்.

அவரிடமிருந்து விவாகரத்து கேட்கத்தான் நாங்கள் வந்திருந்தோம். அது அவருக்குத் தெரியாது. அப்பா விட்டுப்போன வீட்டைப் பாகம் பிரிக்கிற விஷயம் என்று சொல்லி வைத்திருந்தேன். பஸ்ஸில் போவதாகத்தான் ஏற்பாடு. அன்று பார்த்து அவருக்கு வேலை இல்லை. “வெயில்ல ரெண்டு பேரும் எதுக்கு நிக்கணும்? நான் கொண்டு விடுறேன்” என்று கம்பெனி வேனை எடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, அது அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. வந்து இறங்கியதும், “உங்க குடும்பச் சொத்து, நடுவுல நான் எதுக்கு?” என்று தாமாகவே வெளியே உட்கார்ந்துகொண்டார். பொய் சொன்னவளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அந்த வசதிதான் முள்ளாகக் குத்தியது.

வக்கீல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிற பழக்கம் உள்ளவர்.

“சொல்லும்மா, என்ன கஷ்டம்?”

“சேர்ந்து இருக்க முடியல சார்.”

“அது யாருக்குத்தான் முடியுது? ஏன் முடியலன்னு சொல்லு.”

நான் கதவைப் பார்த்தேன். பேருக்குத்தான் அது கதவு. மேலேயும் கீழேயும் திறந்து கிடந்தது. அடியில் அவருடைய செருப்பு தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன். என்னைப் பார்த்து வக்கீலும் தாழ்த்திக்கொண்டார்.

“குடிப்பாரா?”

“இல்ல சார்.”

“வேற பொம்பளை?”

“சேச்சே.”

“வீட்டுச் செலவுக்குக் குடுக்க மாட்டாரா? சந்தேகப்படுவாரா? உங்க வீட்டு ஆளுங்களை மதிக்க மாட்டாரா?”

எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையாட்ட வேண்டியிருந்தது. வக்கீல் அக்காவிடம் திரும்பினார். “இந்த மாதிரி மாப்பிள்ளை இன்னொருத்தர் இருந்தா சொல்லுங்கம்மா, எங்க வீட்டுலயும் பொண்ணு இருக்கு.” குமாஸ்தா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

நான் சொல்ல நினைத்தது வேறு. அவர் வெளியூர் வேலைக்குப் போகிற நாட்களில் சோறு ருசிக்கிறது. பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டு தானாக வருகிறது. அவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் உள்ளே ஏதோ சுவிட்ச் அணைந்த மாதிரி ஆகிவிடுகிறது. பயம் இல்லை, வெறுப்பும் இல்லை. வந்த இடத்தில் தங்கிவிட்ட விருந்தாளி மாதிரி, கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் மரியாதையாக நடந்துகொண்டிருக்கிறேன். அந்த மரியாதை ஒருநாளும் குறைந்ததில்லை. சண்டை போடுகிற அளவுக்குக்கூட நாங்கள் நெருங்கியதில்லை. இதை எந்தத் தலைப்பில் மனுவில் எழுதுவது?

“நல்லவர்தான் சார். ஆனா எனக்கு வேண்டாம்” என்றுதான் வந்தது.

“நல்லவர்னு எழுதினா கோர்ட்டு உன்னை வீட்டுக்குப் போய் உலை வைக்கச் சொல்லும்.” வக்கீல் பேனாவை மேசையில் வைத்தார். “வழி ரெண்டுதான். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுச் சேர்ந்து மனு போடணும். அதுக்கு அவர் கையெழுத்து வேணும். கேட்டியா?”

“கேட்கல சார்.”

“கேட்கலேன்னா அவர் மேல குத்தம் சொல்லித்தான் போடணும். நம்மகிட்ட மூணு நம்பர் இருக்கு. ஒண்ணாம் நம்பர் கொடுமை. ரெண்டாம் நம்பர் கைவிட்டுட்டுப் போனது. மூணாம் நம்பர் வேற தொடர்பு.”

மூன்றும் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தனவாம். பெயரும் விலாசமும் மாற்றி, நடுவில் ஒரு சம்பவம் சேர்த்தால் போதும். குமாஸ்தா, காபியா டீயா என்று கேட்கிற தொனியில், “எந்த நம்பர் சார்?” என்றார்.

“ஒண்ணாம் நம்பரே போடுங்க” என்றாள் அக்கா.

நான் அவள் கையை அழுத்தினேன். அவள் என் காதோரம் குனிந்தாள். “சும்மா பிடிக்கலன்னு வந்து நின்னா, ஊரு உன்னைத்தான் நாக்குல போட்டு மெல்லும். அடிச்சான்னு வந்தா ஐயோ பாவம்னு சொல்லும். உனக்கு எது வேணும், நீயே சொல்லு.” அக்கா கெட்டவள் இல்லை. எனக்கு அடிபடக் கூடாது என்பதற்காக இன்னொருவரை அடிக்கத் தயாராக இருந்தாள், அவ்வளவுதான்.

“அடிச்சதுக்கு ஆதாரம்? ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி?”

“இருக்கு சார். போன வருஷம் விரல் உடைஞ்சு கட்டுப் போட்டிருந்தாளே!”

விரல் உடைந்தது நிஜம். அவசரத்தில் பீரோ கதவை நானே சாத்தி நசுக்கிக்கொண்டது. அவர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், செருப்புகூடப் போடாமல். முறை வரும்வரை என் கையைத் தன் உள்ளங்கையில் முட்டையைப் போல ஏந்திக்கொண்டு நின்றார். சீட்டில் ‘அழைத்து வந்தவர்’ என்ற இடத்தில் இருப்பது அவர் கையெழுத்து.

“கதவுல வச்சு நசுக்கிட்டாரு. அப்படித்தானே?” என்றார் வக்கீல்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என் தலை சற்று ஆடியது. அது போதுமானதாக இருந்தது; குமாஸ்தாவின் விரல்கள் தட்ட ஆரம்பித்தன.

பிரிண்டர் முதல் பக்கத்தைத் துப்பியது. இரண்டாவதைப் பாதி விழுங்கிக்கொண்டு கரகரவென்று கத்தி நின்றது. குமாஸ்தா அதன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு இன்னொன்று.

“அண்ணே, அதை அடிக்காதீங்க!” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

என் கணவருக்குத் தொழிலே அதுதான். ஜெராக்ஸ் மெஷின், பிரிண்டர் எல்லாம் பழுது பார்ப்பார். பள்ளிக்கூடங்களிலும் வங்கிகளிலும் அவர் பெயர் யாருக்கும் தெரியாது, மெஷின்காரர் என்றால் தெரியும். எங்கேயாவது ஒரு மெஷின் முனகினால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார். இப்போதும் குடையையும் பையையும் பெஞ்சில் வைத்துவிட்டு, பாதிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றார்.

“பார்க்கட்டுமா சார்? இது நம்ம வேலைதான்.”

“வாங்க வாங்க. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி வந்தீங்க” என்று வக்கீல் நாற்காலியைப் பின்னால் தள்ளி வழிவிட்டார்.

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். எழுந்து ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம். என்ன சொல்லி? அவர் அதற்குள் பிரிண்டர் முன்னால் மண்டியிட்டு, பின்மூடியைத் திறந்துவிட்டார். “இழுக்கக் கூடாதுண்ணே, கிழிஞ்சிரும். அது சுத்துற பக்கமாவே விட்டுக் குடுக்கணும்” என்று குமாஸ்தாவுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, கசங்கிய தாளை வெளியே எடுத்தார். தொடையில் வைத்து நீவினார். எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து மேசையில் வைத்தார்.

அது அவர் தொழிலில் வைத்திருக்கும் சுத்தம். அடுத்தவர் மெஷினில் இருந்து வருவதைப் படிக்க மாட்டார். பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள், வங்கிக் கடிதம், யாருடைய உயிலாக இருந்தாலும் சரி. “நான் எழுத்தைப் பார்ப்பேன், படிக்க மாட்டேன்” என்பார். அந்த வாக்கியத்தைத்தான் அப்போது கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப முழுசா ஒரு தடவை அடிச்சுப் பாருங்க.”

பக்கங்கள் வரத் தொடங்கின. பழுது பார்த்தபின் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்து, கோடு விழுகிறதா, மசி பரவுகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஜன்னல் பக்கம் போய் முதல் பக்கத்தைப் பிடித்தார், வைத்தார். இரண்டாவதைப் பிடித்தார், வைத்தார். மூன்றாவதைப் பிடித்த கை அப்படியே நின்றது.

“என்னண்ணே, கோடு விழுதா?” என்றார் குமாஸ்தா.

“விழுது” என்றார் அவர். தாளை இறக்கிக்கொண்டு, “நடுவுல விழுது. உள்ள இருக்கிற டிரம் பழசு. மாத்திடுங்க. இப்போதைக்கு ஓடும்.”

தாள்களை நான்கு பக்கமும் தட்டி ஒழுங்காக்கி, வக்கீல் மேசையில் கவிழ்த்து வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. வெளியே போய் உட்கார்ந்தார்.

“கெட்டிக்கார ஆளு” என்றார் வக்கீல், இப்போது குரலைத் தாழ்த்தாமல். “யாரும்மா அது, உங்க டிரைவரா?”

“ஆமா சார்” என்றாள் அக்கா.

கதவுக்கு அடியில் தெரிந்த செருப்பு அசையவில்லை. அந்தச் சின்ன அலுவலகத்தில் ஒருவர் இருமினால் படிக்கட்டு வரை கேட்கும். இல்லை, என் வீட்டுக்காரர் என்று ஒரே ஒரு சொல் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பேனாவை வாங்கி, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்து எழுந்து போனால் போதும் என்று இருந்தது.

“அடுத்த வாரம் தாக்கல் பண்ணிடலாம். நோட்டீஸை அவர் வேலை பார்க்கிற கம்பெனிக்கே அனுப்புவோம். அப்பத்தான் ஆளு வழிக்கு வருவாரு” என்றார் வக்கீல்.

வேனில் அக்கா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். வீட்டு விஷயம் சுலபமாக முடிந்துவிடுமாம், வக்கீல் ரொம்ப நல்ல மனுஷராம். “சரிக்கா”, “சரிக்கா” என்றபடி அவர் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்தில் இறங்கி, அவளுடைய பையை எடுத்துக் கொடுத்தார்.

“பாத்துப் போங்கக்கா. டிரைவர் வேலை முடிஞ்சிருச்சு.”

அக்கா திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கைகளை நெடுநேரம் கழுவினார். சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்தார். எதிரே உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

“நான் படிக்கிறதில்லன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியுங்க.”

“ஆனா சொந்தப் பேருக்குப் பக்கத்துல ‘அடித்தார்’னு இருந்தா கண்ணு நின்னுருது. என்ன பண்றது?”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

“வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். நான் அடிச்சிருக்கேனா? தூக்கத்துல கையைக் கிய்யை வீசிட்டேனா? நீ சொல்லாம மறைச்சிட்டியா?”

எதிரே உட்கார்ந்துவிட்டேன். நான் பொய்க்காரி என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அச்சில் வந்திருக்கிறது, அதுவும் என் கையெழுத்துக்காக வந்திருக்கிறது, ஆகவே குற்றம் தன்னிடம் எங்கேயோ இருக்கும் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

“இல்லங்க. ஒரு நாளும் இல்ல.”

“விரல்?”

“பீரோல நானா நசுக்கிக்கிட்டது.”

“அப்படித்தான் எனக்கும் ஞாபகம்” என்று மூச்சு விட்டார். அந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை. “அப்ப எதுக்கு?”

சொன்னேன். வக்கீலிடம் சொல்ல முடியாததை எல்லாம் அவரிடமே சொன்னேன். அவர் இல்லாத நாட்களில் வருகிற பாட்டு, தெருமுனையில் கேட்கிற வண்டிச் சத்தம், விருந்தாளி மரியாதை, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு பெரிய அடி என்று தெரிந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், மெஷினில் சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கேட்பவர் போல.

“அடிச்சிருந்தா நிறுத்திக்கலாம். குடிச்சிருந்தா விட்டுடலாம். இதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“நீங்க பண்றதுக்கு ஒண்ணுமில்லங்க.”

“இத்தனை வருஷத்துல பழுது இல்லாம நின்னுபோன மெஷினை நான் பார்த்ததில்ல.”

“நான் மெஷின் இல்லங்க.”

“தெரியும்!” கோபம் அப்போதுதான் வந்தது. “தெரியும். அதுக்காக என் மேல எதை வேணா எழுதுவியா? பரீட்சைப் பேப்பர் அடிக்கிற ரூமுக்குள்ள என்னைத் தனியா விட்டுட்டு டீ குடிக்கப் போறாங்க. எதை நம்பிப் போறாங்க? பொண்டாட்டி விரலை உடைச்சவன்னு நோட்டீஸ் வந்தா நாளைக்கு எந்த வாசல்ல என்னை ஏத்துவாங்க?” எழுந்துவிட்டார். “நீ போறதுக்கு நான் கையெழுத்துப் போடுவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. அதை இன்னைக்குக் கேட்காத. ஆனா செய்யாததைச் செஞ்சவன்னு பேர் வாங்க மாட்டேன்.”

வாசலில் நின்ற வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். எங்கும் போகவில்லை. கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

வக்கீல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். குமாஸ்தாதான் எடுத்தார். “போன்ல சொன்னா ஆகாதும்மா. காலைல வேணாம்பாங்க, சாயங்காலம் வேணும்பாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. எழுத்துல பார்த்தாத்தான் சார் நிறுத்துவாரு.” பிறகு வக்கீல் வாங்கிப் பேசினார். “அந்தப் பகுதியை எடுத்துட்டா உன் கையில ஒண்ணும் மிஞ்சாதும்மா. அவர் கையெழுத்துப் போடலேன்னா நீ காலம் முழுக்க அங்கதான். நல்லா யோசிச்சுக்கோ.”

அக்காவுக்கும் சொன்னேன். “பைத்தியமாடி உனக்கு? கிடைச்ச ஒரே பிடியையும் விடுறியே!” என்றாள்.

“அவர் படிச்சிட்டாருக்கா. டிரைவர்னு நீ சொன்னதும் காதுல விழுந்திருக்கு.”

“பஸ்ஸ்டாப்புல அப்படிப் பேசினப்பவே நினைச்சேன்” என்றாள். “அதுக்காக நீ அங்கேயே கிடந்து காயப் போறியா?”

“தெரியலக்கா” என்று வைத்துவிட்டேன்.

காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். நான் வேலை பார்க்கிற அலுவலகத்தில் எனக்குக் கடிதப் பிரிவு. ஆயிரம் கடிதம் எழுதியிருப்பேன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எழுதும்வரை பேனா ஓடியது. பொருளுக்கு எதிரே என்ன எழுதுவது என்று வெகுநேரம் தெரியவில்லை. பிறகு ‘மனுவில் உள்ள பொய்யை நீக்குதல்’ என்று எழுதினேன். மற்றவை தாமாக வந்தன.

எழுதி முடித்து வேனருகே போனேன். “வாசிக்கட்டுமா?” என்றேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு, “ம்” என்றார்.

“‘ஐயா. ஒன்று: மனுவின் மூன்றாம் பக்கத்தில் என் கணவர் என்னை அடித்ததாகவும் விரலைக் கதவில் நசுக்கியதாகவும் உள்ளது. அது உண்மை அல்ல. விரல் என்னாலேயே நசுங்கியது. நீங்கள் கேட்டபோது நான் மறுக்காதது என் தவறு. இரண்டு: அந்த மனுவைத் தாக்கல் செய்ய வேண்டாம். அவர் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். மூன்று: உங்கள் பிரிண்டரைச் சரிசெய்து கொடுத்தவர் டிரைவர் அல்ல, என் கணவர். நான்கு: அவர் மிகவும் நல்லவர். பிரிந்துபோக விரும்புவது நான் மட்டுமே...’”

“நாலாவதுல நல்லவர்னு இருக்கே, அதை எடு.”

“அது உண்மைதானேங்க?”

“எனக்கு வேணாம். அடிச்சவன்னும் போடாத, நல்லவன்னும் போடாத. நல்லவன் நல்லவன்னு சொல்லித்தானே இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கே.”

சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. உள்ளே போய், அடித்தல் திருத்தல் இல்லாமல் முழுக் கடிதத்தையும் மறுபடி எழுதினேன். நான்காவது இப்படி ஆயிற்று: பிரிந்துபோக விரும்புவது நான் மட்டுமே, காரணமும் என்னிடமே உள்ளது, அவர் சம்மதிக்காவிட்டால் எனக்கு வழக்கு இல்லை என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். இரண்டாம் முறை வாசித்துக் காட்டியபோது அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், “தபாலாபீஸ் மூடிடப் போறாங்க” என்றார்.

நடந்தே போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் பார்சலைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் கட்டி முடிப்பதற்குள் கடிதத்தை நான் மூன்று முறை உறையிலிருந்து எடுத்து மூன்று முறை உள்ளே வைத்தேன். இதை அனுப்பினால் என் கையில் ஒன்றும் இல்லை. கிழித்துப் போட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை. வரிசை நகர்ந்தது.

“ஒட்டலையே?” என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

பசை டப்பாவை என் பக்கம் தள்ளினாள். விளிம்பில் தடவி மடித்து, உறை ஒட்டிக்கொள்ளும் வரை கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன்.

“ரிஜிஸ்தரா, சாதாவா?”

“ரிஜிஸ்தர். போய்ச் சேர்ந்ததுன்னு எனக்குத் தெரியணும்.”

எடை பார்த்தாள், முத்திரை குத்தினாள், பின்னால் இருந்த பையில் போட்டாள்.